தக்கலைக் குவைத்து

முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. கட்டுரை நோட்டை மேசையில் அடுக்கும்போது என்னுடையதை மற்றவர்களுடையதுக்கு அடியில் தள்ளி வைப்பேன் என்பது என்னோடு படித்த உங்களுக்கே தெரியும். பத்தாம் வகுப்போடு நின்ற பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டும் பிள்ளைகளின் லீவு லெட்டரும்தான். நம் வகுப்பு கூடும் நாளில் போடப்போகிற புத்தகத்துக்கு ஆளுக்கொரு பழைய நினைவு எழுதித் தரவேண்டும் என்று குழுவில் செய்தி வந்தபோது பார்க்காதது போல இருந்துவிட்டேன். மூன்று வாரம் அப்படியே போயிற்று. இப்போது எழுதுவது துணிச்சலால் இல்லை. இருப்புக் கொள்ளவில்லை. இந்த வாரம் மட்டும் இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பில் ஊற்றிவிட்டது. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா இறந்தது உங்களுக்குத் தெரியும். பலர் வந்தீர்கள். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அண்ணன் மகன் தன் போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, "தாத்தாவுக்க குவைத்து சண்டையப் பத்தி ஆளாளுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க. ரெக்கார்டு பண்ணி வைப்போம். இல்லன்னா பொறவு யாருக்கும் தெரியாமப் போயிரும்" என்றான்.

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "குவைத்துல இருந்தாவ. சண்ட வந்துது. வந்துட்டாவ" என்றாள் அத்தை. அடுத்தவரும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். அப்போது மூலையில் இருந்த சித்தப்பா, "எந்தக் குவைத்து? தக்கலைக் குவைத்தா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பதினாறு முடிந்த வீடு, கொஞ்சம் சிரிக்கலாம்தான். அண்ணன் மகனுக்கு அது என்னவென்று புரியவில்லை. அண்ணன் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டான்.

போன் என் பக்கம் திரும்பியது. நான் பப்படம் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனேன். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என்ன பப்படம்?

அந்தப் பெயர் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆறாம் வகுப்பில் உங்களில் சிலர் என்னை 'தக்கலைக் குவைத்துக்க மவ' என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. நமக்கெல்லாம் அப்போது பதினொரு வயது.

குவைத்தில் ஈராக் பட்டாளம் புகுந்த வருடம் அது. அப்பா அங்கே ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தார். போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு அப்பா என்றால் டேப் ரிக்கார்டரில் வருகிற குரல். கடிதம் எழுதச் சோம்பல்பட்டு கேசட்டில் பேசி அனுப்புவார். நடுவில் சட்டி உருளும் சத்தம் கேட்கும், யாரோ ஹிந்தியில் திட்டுவார்கள், அப்பா இரண்டு வார்த்தை பதில் சொல்லிவிட்டு மறுபடியும் எங்களிடம் வருவார். சண்டை தொடங்கிய பிறகு கேசட் இல்லை, கடிதம் இல்லை. அம்மா தினமும் செய்தி நேரத்தில் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு முன்னால் போய் நிற்பாள். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள். சாயங்காலம் ஆட்கள் வந்து, "வல்ல தகவலும் உண்டா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் படலை திறக்கும் சத்தம் கேட்டதுமே அம்மா தலையை ஆட்டத் தொடங்கிவிடுவாள்.

காலாண்டுப் பரீட்சை லீவில் அப்பா வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். வேறு யாருடையதோ ஒரு பேண்ட், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. கையில் வாட்ச் இல்லை. தோளில் ஒரு மாவுச் சாக்கு. அதற்குள் ஒரு துவர்த்துத் துண்டு, பாஸ்போர்ட், காய்ந்து ஓடு போலான ரொட்டித் துண்டுகள். அவ்வளவுதான். பேண்டை அம்மா மூன்று தண்ணீரில் அலசினாள். மூன்றாவது தண்ணீரைக் கொட்டிய பிறகும் சருவப் பானையின் அடியில் மஞ்சளாக ஒரு பொடி தங்கியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மாவு போல அவ்வளவு நேர்த்தியான மணல். ஒரு தீப்பெட்டியில் கொஞ்சம் எடுத்து வைத்தேன். அம்மா அதைக் குப்பை என்று கொட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலமே மாமா, அம்மாவின் தம்பி, வந்துவிட்டார். அப்பா உயிரோடு வந்ததில் அவருக்கு இருந்த சந்தோஷம் அந்தச் சாக்கைப் பார்த்ததும் கவலையாக மாறிவிட்டது.

"அக்கா, நாளையிலேருந்து ஆளு வருமே. என்னத்தக் குடுப்ப?"

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் ஊரே பார்க்க வரும். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. பெண்களுக்கு ஒரு சோப்பு, ஆண்களுக்கு ஒரு பேனா, நெருங்கின சொந்தம் என்றால் டார்ச் லைட்டோ தைலமோ. நம் எல்லார் வீட்டிலும் அப்படித்தானே நடந்தது. எங்கள் வீட்டில் கொடுக்க ஒன்றும் இல்லை. சண்டையிலிருந்து தப்பி வந்தவரிடம் யார் சோப்பு எதிர்பார்ப்பார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்படித் தோன்றவில்லை.

மாமா மறுநாள் பஸ் ஏறித் தக்கலை டவுனுக்குப் போனார். அங்கே வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் மிச்சச் சாமானை அங்கே கொண்டு போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு பைகளில் வாங்கிக்கொண்டு வந்தார். பச்சை உறை போட்ட சோப்பு, பேனா, சின்னச் சின்ன அத்தர்க் குப்பி. எல்லாமே நிஜமான வெளிநாட்டுச் சாமான். ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் கடைப் பெயரும் 'தக்கலை' என்ற ஊர்ப்பெயரும் அச்சடித்த சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருந்தது.

"ஏட்டி, ஒனக்குக் கண்ணு நல்ல தெளிச்சம்லா, நகத்தாலச் சொரண்டி எடுத்துரு. ஒண்ணு விடப்பிடாது" என்று அந்த வேலையை மாமா எனக்குக் கொடுத்தார்.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்துக்கு இதெல்லாம்? இல்லன்னா இல்லன்னு சொல்லிருவோம்" என்றார்.

"அத்தான், நீங்க சும்மா இரிங்க. மூணு வருசம் குவைத்துல இருந்துட்டு ஒரு சோப்புக்கு வழியில்லாம வந்தாருன்னு ஒருத்தன் சொல்லப்பிடாது."

அப்பா சும்மா இருந்தார். அவர் பங்குக்கு அவர் செய்த தப்பு அது.

இப்படித்தான் முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்த நெல்லறையில், கதவுக்குப் பின்னால், பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். என் இடது பக்கம் சொரண்டாத சோப்பு, வலது பக்கம் சொரண்டின சோப்பு. முன்னறையில் அப்பா பேசுவார். அம்மா சாயா போடுவாள், அண்ணன் பந்து விளையாடப் போய்விடுவான். அப்பா சொன்னது அத்தனையையும் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரே ஆள் நான்தான். கதை முடிகிற இடம் எனக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் தட்டில் சாமானை வைத்துக்கொண்டு வெளியே போவேன். வந்திருக்கும் பெண்கள் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதைவிட நெல்லறைக் கதவைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

பட்டாளக்காரப் பையன் கதைக்குத்தான் எல்லாரும் சிரிப்பார்கள். கடையைப் பட்டாளம் பிடித்துக்கொண்டு, முதலில் தங்களுக்கு ரொட்டி சுட்டுவிட்டுத்தான் ஊருக்குச் சுடவேண்டும் என்று சொல்லிவிட்டதாம். காவலுக்கு ஒருவனை விட்டிருந்தார்கள்.

"மீச கூட மொளைக்கல அவனுக்கு. துப்பாக்கியச் சொவருல சாச்சு வெச்சிட்டு மாவுச் சாக்கு மேல ஏறிப் படுத்து உறங்குவான். ஆபீசரு வண்டிச் சத்தம் கேட்டா நான் சட்டியத் தட்டுவேன். துள்ளி எழும்பி நிப்பான். முதுகு முழுக்க வெள்ள மாவு. ஆபீசரு முன்னால முகத்தக் காட்டிக்கிட்டே பின்னால நடப்பான், கேட்டியளா."

பஸ் கதையில் பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குப் போவார்கள். டிரைவர் நடுவழியில் நிறுத்தி ஆளுக்கொரு வாட்ச் கேட்பான். எல்லையில் கூடாரம், காற்று, காது முழுக்க மணல். தண்ணீர் லாரி வந்தால் ஆயிரம் பேர் ஓடுவார்கள். தண்ணீர் டீசல் மணக்கும். "இருந்தாலும் குடிப்போம். குடிச்சிட்டு, நல்லாயிருக்குன்னும் சொல்லுவோம்" என்பார். அதுதான் முடிகிற இடம். நான் தட்டோடு எழுந்திருப்பேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மத்தியானத்தில், கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு, வெறுங்கால். அவர் மகன் குவைத்தில் மீன்பிடி படகில் வேலை. தகவல் இல்லை. குவைத்திலிருந்து யாராவது வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த ஊருக்கெல்லாம் போய் விசாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடு ஐந்தாவது வீடாம்.

மகனை அப்பா பார்த்ததில்லை. அப்படிச் சொன்ன பிறகும் பெரியவர் போகவில்லை.

"அங்க திங்கியதுக்கு என்ன வழி மக்கா? எம் மொவன் பட்டினி கெடப்பானா? ஊருக்குச் சொன்ன கத வேண்டாம். உள்ளதச் சொல்லு."

நான் அதுவரை கேட்காத ஒன்றை அப்பா சொன்னார்.

கடை ஜன்னலுக்கு வெளியே விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். பட்டாளத்துக்குப் போக மிச்ச மாவு எவ்வளவோ அவ்வளவு ரொட்டி. ஒரு நாள் மாவு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. ஜன்னலில் நின்று தீர்ந்தது என்று சொல்ல வேண்டியது அப்பாவின் வேலை. வரிசையில் முதலில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். அவள் ஒன்றும் கெஞ்சவில்லை. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"மேசைக்கு அடியில பத்து ரொட்டி இருந்துது பெரியவரே. எங்க அஞ்சு பேருக்கு, பஸ்சுக்குப் போறதுக்கு எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தோம். நான் கால வெச்சு மறச்சுக்கிட்டு நின்னேன். தீந்துபோச்சுன்னு கையக் காட்டினேன். அவ கண்ணப் பாத்துதான் சொன்னேன்."

அதற்குப் பிறகு அப்பா அழுதார். கேசட்டில் கேட்ட குரலில் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பெரியவர் சொன்னது இன்றும் எனக்கு வார்த்தை மாறாமல் இருக்கிறது. "வள்ளத்துல நாலு நாளு கரையக் காணாமக் கெடந்தா நாங்களும் தண்ணிய ஒளிப்போம் மக்கா. கூட இருக்கியவனுக்குத் தெரியாம ஒளிப்போம். கரை ஏறின பொறவு யாரும் யாரையும் கேக்கியதில்ல." பிறகு, "எம் மொவனும் ஒளிச்சுத் தின்னுட்டு வரட்டு. வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

அடுக்களையிலிருந்த அம்மாவுக்கு அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. வந்தவர் வெறுங்கையோடு போகிறார் என்பதைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, என்ன நோக்கிட்டு இருக்க? சோப்ப எடுத்துக்கிட்டு ஓடு மக்கா!" என்று விரட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. கைக்கு வந்த இரண்டு சோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரோட்டில் வைத்து அவரிடம் நீட்டினேன். "நீயே குளி பிள்ள" என்று என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்து இரண்டு சோப்பையும் வலது பக்கம் வைத்தேன். அவை இடது பக்கத்து, சொரண்டாத சோப்புகள்.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து ரோட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். கருப்பட்டிக் கடைக்காரர் மனைவி பச்சை உறை ஒன்றை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

"ஏட்டி, இஞ்ச வா. ஒங்க அப்பா இருந்த குவைத்துல தக்கலைன்னு ஒரு ஊரு உண்டும் போல?"

வரிசையில் குடம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "அப்பம் மூணு வருசமும் ஆளு அங்கனதான் ஒளிஞ்சு இருந்தாரா? கொள்ளாம். நல்ல பஸ் வசதி உள்ள குவைத்து" என்றாள் ஒருத்தி. "சோப்பு தக்கலைன்னா சண்டையும் தக்கலைதான்" என்றாள் இன்னொருத்தி. நான் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சாயாக்கடையில் அப்பாவிடம், "அண்ணாச்சி, ஜோர்டானுக்குத் தக்கலையிலேருந்து எத்தனாம் நம்பர் பஸ்?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவும் கூடவே சிரித்தாராம். மறுநாளும் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் போகவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு யாராவது வந்து கேட்டால், "ஒண்ணும் இல்ல. சண்ட வந்துது. வந்துட்டேன்" என்பார். பதினாறாம் நாளில் அத்தை சொன்னது அப்பாவின் இந்த வார்த்தையைத்தான்.

வீட்டில் அம்மாவும் மாமாவும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். தனியாக நீ எங்கேயோ ஒளித்து வைத்திருந்த சோப்பைக் கொடுத்துவிட்டாய் என்று மாமா. உன் கடைக்காரன் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான் என்று அம்மா. என்னை யாரும் கேட்கவில்லை. "அவ கையில தப்பாது" என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பெயரைச் சொன்னவனை அடிக்கப்போய் நெற்றியில் மூன்று தையலோடு வந்தான். அப்பா வாழைத் தோட்டம் ஒன்றைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்தார், பிறகு குவைத்துக்கும் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. நடுவில் அந்தப் பெரியவரின் மகன் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஒரு பெரிய வாவல் மீனும் கொடுத்தனுப்பினார். சோப்பு கொடுக்காததை நினைத்து அம்மாவுக்கு அந்த மீன் தொண்டையில் இறங்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் நின்றதில்லை. ரேஷன் கடையில் நாலு பேர் நின்றால் போதும், சைக்கிளைத் திருப்பிவிடுவார். கடை அடைக்கிற நேரத்துக்குப் போய், மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று வெறும் கேனோடு வருவார். "வரிசையில நின்னா இவியளுக்குக் கொறச்சலு. பெரிய குவைத்து ராசா" என்று அம்மா ஏசுவாள். எனக்கு ஏன் என்று தெரியும். சொன்னால் நெல்லறைக் கதவைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் சோப்பைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். என் முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது ஒரு தடவை, "அப்பா, அந்தப் பட்டாளக்காரப் பையன் கதையச் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன். "ஓர்ம இல்ல பிள்ளே" என்று குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா இப்போது அங்கேதான் இருக்கிறாள். அண்ணன் மகனிடம், "அந்த போனை எடுத்து வை. நான் சொல்லுகேன்" என்றேன். அண்ணன் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

முதலில் சோப்பைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல முடியாது என்று தோன்றியது. சொல்லி முடிக்கும்போது குரல் எனக்கே கேட்கவில்லை.

அண்ணன் நெற்றியைத் தடவினான். "இந்தத் தையலு ஒன்னாலயாக்கும்? முப்பத்தஞ்சு வருசம் கழிச்சா ஏட்டி சொல்லுக?" என்றான். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

பிறகு மாவு முதுகோடு பின்னால் நடந்த பையனைச் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன். டீசல் மணக்கும் தண்ணீரைச் சொன்னேன். அண்ணன் மகன் இரண்டு இடத்தில் சிரித்தான். அதோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். உண்மையில் நிறுத்தியும் விட்டேன்.

அப்போது அம்மா கேட்டாள். "அந்தக் கடல்காரரு வந்தாரே. அண்ணைக்கு ஒங்க அப்பா என்னத்துக்கு அழுதாவ? நான் சம்பாத்தியம் போன சங்கடம்னுல்லா இருந்தேன்."

பத்து ரொட்டியைச் சொன்னேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்ததையும் சொன்னேன்.

அண்ணன் எழுந்து வந்து, "இத அழிச்சிருலே" என்று மகனிடம் சொன்னான். "இவ்வளவு நாளும் பொய்க்காரன்னு சொன்னானுவ. இனி ரொட்டி ஒளிச்சவன்னு சொல்லுவானுவ. மத்தது போதும்."

அண்ணன் மகன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஓடட்டு, அழிக்காத" என்றாள் அம்மா. "அவிய ரேஷன் கடையிலேருந்து சும்மா வரும்போதெல்லாம் ஏசியிருக்கேன். ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருக்கணும். கேக்கல்ல. அண்ணைக்குக் கூட சோப்ப எடுத்துக்கிட்டு ஓடுன்னு இவளத்தான் விரட்டினேன்." பிறகு அண்ணனைப் பார்த்து, "ஒளிச்சதையும் சேத்துதாம்ல ஒங்க அப்பா" என்றாள்.

அண்ணன் பேப்பரை எடுத்து மடித்தான், மறுபடி விரித்தான். அழித்துவிடு என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் மகன் அதை முழுசாகக் குடும்பக் குழுவில் போட்டான். மத்தியானம், மஸ்கட்டில் இருக்கும் மாமா மகன், அந்த ரொட்டிக்கடை குவைத்தில் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டிருந்தான். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்காக அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் போட்ட தபால் பெட்டி எண் மட்டும் ஓர்மை இருந்தது. அதை எழுதி அனுப்பினேன்.